எண்ணெய்க் கிண்ணமும் பரங்கி மூக்கும்

பரங்கிப்பேட்டையில் 1781 ஜூலை 1ஆம் தேதி ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டும் மோதிய போர் ஒரே நாளில் முடிந்துவிட்டது. அதே ஊரில், தலைப்பிள்ளை பிறந்த வீட்டில் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்து மூளும் போர் அவ்வளவு லேசில் ஓயாது. ஒரு பக்கம் ஆயா. எதிர்ப்பக்கம், கைப்பேசியில் பத்து வீடியோ பார்த்துவிட்ட மகள். பிள்ளையின் அப்பா துபாயிலிருந்து வீடியோ காலில் இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறார். சிக்னல் போனால் அவருக்குத்தான் நிம்மதி.

ஆயா எதையும் காதில் வாங்குவதில்லை. மணையில் உட்கார்ந்து, சேலையை வரிந்துகொண்டு இரண்டு கால்களையும் நீட்டிவிடுவார். பிள்ளைக்கு அதுதான் மெத்தை. வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் உள்ளங்கையில் ஏறும். நெஞ்சு, வயிறு, கை, கால் என்று வழித்துவிடுவார். அப்புறம் குப்புறப் போட்டு முதுகு.

இதைக் கேலி பண்ண முடியாது. கல்கத்தாவில் ஒரு தாய் இப்படிக் காலில் கிடத்தித் தேய்ப்பதைப் பார்த்துச் சொக்கிப்போன பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் ஃபிரெடெரிக் லெபோயே, அவள் பெயரையே தலைப்பாக்கி 1976இல் ‘சாந்தலா’ என்று ஒரு புத்தகம் போட்டார். பிரேசிலில் குழந்தைக்கு உடம்பு பிடித்துவிடுவதற்கே இன்று ‘சாந்தலா’ என்றுதான் பெயர். அங்கெல்லாம் காசு கட்டி வகுப்புக்குப் போகிறார்கள். ஆயா வாங்கும் கட்டணம் வெற்றிலை பாக்கு, திட்டு இலவசம்.

அமெரிக்காவில் ஆய்வாளர் டிஃபனி ஃபீல்டும் அவர் குழுவினரும் 1986இல் குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு 15 நிமிடம் என்று 10 நாள் உடம்பை நீவிவிட்டுப் பார்த்தார்கள். நீவப்படாத குழந்தைகளைவிட அவை 47 சதவீதம் கூடுதலாக எடை போட்டன; ஆறு நாள் முன்னதாகவே வீடு திரும்பின. பட்டும் படாமலும் தடவினால் பலனில்லை, மிதமான அழுத்தம் வேண்டும் என்று பிற்பாடு அவரே சொன்னார். இந்தச் சேதி மட்டும் ஆயா காதில் விழுந்தால் மகள் கதி அதோகதிதான்.

ஆனால் மிதம் என்பது ஆயா அகராதியில் இல்லை. கழுத்துக்கு மேலே போனதும் அவருக்குச் சிற்பியின் ஆவேசம் வந்துவிடும். போர்த்துக்கீசியர் வந்திறங்கிய ஊர் இது. அவர்கள் கப்பலேறி எத்தனையோ காலமாயிற்று. அந்தப் பரங்கி மூக்கின் மீதுள்ள ஆசை மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை போலிருக்கிறது. ஆயா தினமும் பிள்ளை மூக்கைப் பிடித்து இழுக்கிறார். பிள்ளை அலறுகிறது. மூக்கோ, அப்பன் வழியில் வந்த சப்பை மூக்காகவே இருக்கிறது. எலும்பும் குருத்தெலும்பும் பரம்பரைச் சொத்து. பிடித்து இழுத்து அதில் பாகம் கேட்க முடியாது.

மூக்கு நீளாவிட்டால் போகட்டும், சிரிக்கலாம். அதில் எண்ணெய் சொட்டு விடுவதுதான் சிரிக்க முடியாத இடம். அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவைக் கொண்டுவரக்கூடும். காதில் எண்ணெய் ஊற்றுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது, குளித்ததும் பிள்ளை இருமும்வரை சாம்பிராணி போடுவது, எல்லாவற்றுக்கும் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்றே சொல்கிறார்கள். பால் குடித்த கையோடு வயிற்றை அமுக்கினால் குடித்தது முழுக்க ஆயா மடியில் வந்துவிடும். அதற்கு வீடியோவைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே ஆயாவுக்கு ஒரு விண்ணப்பம். கால், கை, முதுகு எல்லாம் உங்கள் ராஜ்ஜியம். பிள்ளை முகம் சுளிக்காதவரை தேயுங்கள், அழுதால் நிறுத்திவிடுங்கள். மூக்கை மட்டும் அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.