ஹெரால்டு சாரும் சட்டைப்பைக் காந்தமும்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தே முக்காலுக்கு போன் அடித்தால், ஊரில் யாரோ பெரியவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எங்கள் வீட்டில் முன்பெல்லாம் பதறுவார்கள். இப்போது பதறுவதில்லை. "ஹெரால்டு சாராத்தான் இருக்கும்" என்று என் மனைவி திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். எடுத்தால் அவரேதான். "சார், பல் தேய்ச்சாச்சா? ஆறரை வண்டியைப் பிடிச்சா மியூசியம் திறக்கும்போது வாசல்ல நிக்கலாம்." ரயில் மியூசியம் திறக்கப் பத்து மணியாகும். தாம்பரம் சானடோரியத்திலிருந்து வில்லிவாக்கம் போய்ச் சேர, மாறி ஏறினாலும் ஒன்றரை மணி நேரம். மிச்ச நேரம் முழுக்க மூடிய கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கேட்டும் பழசாக இருந்துவிட்டால் அவருக்குப் பொழுது போவதே தெரியாது.

சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் மூன்றாவது வீடு அவருடையது. மத்திய அரசு கணக்குப் பிரிவில் முப்பத்தாறு வருடம் பச்சை மை பேனா பிடித்தவர். ஸ்பானர் பிடித்ததில்லை. ஆனால் பழைய வண்டி என்றால் பித்து. இந்தப் பித்து உள்ளவர்களில் நான் பார்த்தவரை ஒருவர்கூட மெக்கானிக் கிடையாது. பேங்க் மேனேஜர், எல்.ஐ.சி. அதிகாரி, கணக்கு வாத்தியார், ஒரு பல் டாக்டர்... இப்படித்தான் இருக்கிறார்கள். மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறான்.

கிளம்பும்போது அவருக்கு ஒரு சீருடை உண்டு. பதினோரு பாக்கெட் வைத்த காக்கி மேல்சட்டை. ஒன்றில் டார்ச், ஒன்றில் அளவு டேப், ஒன்றில் வெள்ளெழுத்துக் கண்ணாடி, ஒன்றில் டீச்சர் மடித்துக் கொடுத்த பி.பி. மாத்திரை. டீச்சர் என்பது அவர் மனைவி. ரிட்டயராகி எட்டு வருடம் ஆனாலும் தெருவுக்கே டீச்சர்தான். மேல் பாக்கெட்டில், இதயத்துக்கு நேராக, ஒரு காந்தம்.

காந்தத்தின் சங்கதி இது. பழைய காரில் துரு அரித்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. காந்தத்துக்குத் தெரியும். தகரம் இருக்கும் இடத்தில் 'டக்'கென்று ஒட்டும், பட்டி இருக்கும் இடத்தில் வழுக்கி விழும். வாங்கப் போகிறவர் வைத்துப் பார்ப்பது நியாயம். ஹெரால்டு சார் மியூசியத்தில் வைத்துப் பார்க்கிறார்.

எந்த மியூசியம் என்று சொல்ல மாட்டேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் அழகான கறுப்புக் கார், முன்னால் 'தொடாதீர்கள்' பலகை. இவர் எக்கி, முன்சக்கரத்து மட்கார்டில் காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. நழுவி விழுந்து உருண்டு காருக்கு அடியில் போய்விட்டது. காவலாளி வந்தார்.

"சார், தொடக்கூடாதுன்னு போட்டிருக்குல்ல?"

"நான் தொடலைப்பா. காந்தம்தான் தொட்டுச்சு."

ஒட்டடைக் கோலைக் கொண்டுவந்து காந்தத்தை இழுத்தெடுத்த காவலாளி, அது என்ன, எதற்கு என்று கேட்டார். ஐந்து நிமிட விளக்கம். கேட்டு முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. போன மாதம்தான் செகண்ட் ஹேண்டில் ஒரு பைக் வாங்கியிருந்தாராம். மூவரும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனோம். பெட்ரோல் டாங்கின் வலதுபக்கம் காந்தம் ஒட்டியது. இடதுபக்கம் மூன்று இடத்தில் வழுக்கியது. அன்றைக்கு அந்த மியூசியத்தில் நாங்கள் ஆராய்ந்த வாகனம் அந்த பைக் ஒன்றுதான்.

ரயில் மியூசியம் போவதென்றால் ரயிலில்தான் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. ஏறி உட்கார்ந்ததும் மீட்டர் கேஜ் புராணம் தொடங்கும். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் வந்தது 1931இல். மீட்டர் கேஜ் வண்டியின் கடைசி ஓட்டம் 2004 ஜூலையில். நடுவில் எழுபத்து மூன்று வருடம், தென்சென்னை புறநகர் என்று ஒன்று உண்டானதே அந்த ஒல்லி வண்டியால்தான் என்பார். இது உண்மையும்கூட. மீட்டர் கேஜின் அகலம் 1,000 மில்லிமீட்டர், அகலப்பாதை 1,676. "அந்த 67 சென்டிமீட்டர்ல தான் சார் ஊர் கெட்டுப்போச்சு" என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஒல்லி வண்டியில் வாசற்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போனது அவருக்கு மறந்துவிட்டது. டீச்சருக்கு மறக்கவில்லை. "தினம் சட்டை பட்டன் அறுந்து வரும். நான்தானே தெச்சேன்?"

ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். பக்கத்தில் இருக்கும் சென்னை ரயில் மியூசியம் 2002இல் திறந்தது. மரத்தடியில் பழைய இன்ஜின்களும் பெட்டிகளும் நிற்கும், குழந்தைகளுக்குச் சின்ன ரயில் உண்டு. அந்த ரயில் வரிசையில் முதல் ஆள் எங்கள் ஹெரால்டு சார். பின்னால் நிற்கும் யு.கே.ஜி. குழந்தை அழுதாலும் இடத்தை விட மாட்டார்.

பலகைகளை அவர் படிப்பது கிடையாது, திருத்துவார். ஐ.சி.எஃப். 1956இல் வந்தது என்று ஒருமுறை ஒரு கல்லூரிக் கும்பலுக்கு வகுப்பெடுத்தார். அதில் ஒரு பெண் போனைத் தட்டி, "1955 அக்டோபர் 2, அங்கிள். நேருதான் தொடங்கி வச்சாராம்" என்றாள். சார் அசரவில்லை. "தொடங்கினது 55. நான் சொல்றது மூச்சு விட்டது." அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. உடனே ஷ்லீரனுக்குப் போய்விட்டார். ஐ.சி.எஃப்.புக்குத் தொழில்நுட்பம் தந்தது சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனி. மோதினால் பெட்டிமேல் பெட்டி ஏறாமல் முனைகள் மட்டும் நசுங்கும்படி அவர்கள் வடிவமைத்ததை, இரண்டு தயிர்சாத டப்பாக்களை எதிரெதிரே மோதவைத்து விளக்கினார். கல்லூரிக் கும்பல் கைதட்டியது. டப்பா மூடி திறந்துகொண்டது.

இ.ஐ.ஆர். 21 இன்ஜின் விஷயத்தில் மட்டும் அவர் வாயை டீச்சர் அடைத்திருக்கிறார். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த அந்த நீராவி இன்ஜினை 2010இல் பெரம்பூர் லோகோ பட்டறைக்காரர்கள் உயிர்ப்பித்து ஓட்டிக் காட்டினார்கள். "155 வயசுல ஓடுது பாரு! எனக்கு எழுபதுக்கே முட்டி மடங்கலை" என்றார் சார். "அதுக்கு வேண்டியதையெல்லாம் புதுசா மாத்தினாங்க. உங்களையும் மாத்திக்கத்தானே டாக்டர் சொன்னார்?" என்றார் டீச்சர்.

விமானம் என்று வந்தால் தாம்பரத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. விமானப்படைத் தளம் பக்கத்தில் இருக்கிறது. பறக்கக் கற்றுத் தருபவர்களுக்கே கற்றுத் தரும் பள்ளி 1954லிருந்து அங்கேதான். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். அங்கே நிறுத்தி வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள்தான் தன்னை அந்தப் பக்கம் இழுத்தன என்று அவரே எழுதியிருக்கிறார். இதெல்லாம் போதாதென்று ஹெரால்டு சார் 1910க்குப் போவார். பல்லாவரம் சிக்னலில் ஆட்டோ நின்றால் போதும். "இந்த இடம் என்ன தெரியுமா சார்? மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் வச்சிருந்த டி ஆஞ்சலிஸ், சிம்ப்சன் பட்டறையில் ஒரு ஏரோப்பிளேன் கட்டி, இந்தப் பல்லாவரத்துலதான் ஓட்டிப் பார்த்தான். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழே வருஷம்!" ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "அப்பவே பறந்துட்டாங்களா? நாம இன்னும் இந்த சிக்னலைத் தாண்டலையே" என்றார்.

விசாகப்பட்டினம் கடற்கரையில் டியூ-142 விமானத்தை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். நான்கு இன்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறி, 53 மீட்டர் நீளம். நீர்மூழ்கிகளைத் தேடிக் கடல்மேல் அலைந்த ரஷ்யப் பறவை. 1992 முதல் 2017 வரை அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில்தான் இந்த ரக விமானங்கள் குடியிருந்தன. அதைப் பார்க்கவென்றே ராத்திரி ரயிலேறிப் போனோம். எல்லாரும் மூக்கடியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சார் பின்சக்கரத்தருகே தனியாக நின்று, வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்க வந்த அப்பா மாதிரி, "இங்க உப்புக்காத்து ஜாஸ்தி" என்றார். காந்தத்தை எடுக்கப் போனார், நான் கையைப் பிடித்தேன். "அலுமினியம் சார், ஒட்டாது." அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரிடம் ஜெயித்தேன்.

கோவை ஜி.டி. கார் மியூசியத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. 1920இல் பொள்ளாச்சி – பழனிக்கு ஒற்றை பஸ் விட்ட ஜி.டி. நாயுடு பெயரில் அவிநாசி சாலையில் இருக்கிறது. காலையில் உள்ளே போன சார், சாயங்காலம் விளக்கை அணைத்தபோது வெளியே வந்தார். வடபழனி ஏ.வி.எம். மியூசியத்துக்கு, 2023இல் திறந்ததிலிருந்து, மூன்று தடவை.

இத்தனை அலைச்சலுக்கும் காரணம் அவர் வீட்டு போர்ட்டிகோவில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் த்ரீ. இது எங்கேயோ சீமையில் செய்ததல்ல. தாம்பரத்தைத் தாண்டினால் பெருங்களத்தூர், அங்கே ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் செய்தது. ஹெரால்டு அங்கே 1961இல் வந்தது. பிரிட்டனில் இரண்டே கதவோடு ஓடிய காருக்கு நம்மவர்கள்தான் நான்கு கதவு வைத்தார்கள். நம் குடும்பங்களின் அளவு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பானெட்டைத் திறந்தால் முன்பாதி முழுவதும் முதலை வாய் பிளந்த மாதிரி முன்னால் சாயும். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது அந்தக் காரின் பெரும் புகழ். எங்கள் தெருவின் அகலம் இருபது அடி.

வண்டி கடைசியாக ஓடியது 2009 பொங்கலன்று. அதுவும் நாங்கள் ஆறு பேர் தள்ளினோம். 2015 டிசம்பரில் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்த ராத்திரி, எல்லார் வீட்டிலும் ஃப்ரிட்ஜைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தார்கள். அவர் வீட்டில் ஹெரால்டின் கார்புரேட்டரையும் டைனமோவையும் கழற்றி (கழற்றியது தெருக்கோடி மெக்கானிக் பையன், முழங்கால் தண்ணீரில்) பரணில் ஏற்றினார்கள். ஃப்ரிட்ஜ் மிதந்தது. டீச்சர் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. புது ஃப்ரிட்ஜ் வந்த அன்று, மார்க்கர் பேனாவால் 'தொடாதீர்கள்' என்று எழுதி அதன் கதவில் ஒட்டியதோடு சரி.

வண்டியில் இப்போது எல்லாம் தயார் என்கிறார். இன்ஜின் உறுமுகிறது, நானே கேட்டேன். குறைவது இடதுபக்க டெயில் லேம்ப் கண்ணாடி ஒன்றுதான். அது இல்லாமல் தெருவில் இறக்க மாட்டேன் என்று சபதம். புதுப்பேட்டையில் கடை கடையாகத் தேடியாகிவிட்டது. கிடைக்காத வரை மியூசியங்களில் நிற்கும் வண்டிகளின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார், கூடவே நானும் நிற்க வேண்டும்.

ஆகவே வாசகர்களே, உங்கள் பரணில், தாத்தாவின் ஷெட்டில், கோழிக்கூண்டுக்குப் பின்னால் எங்கேயாவது ஒரு ஹெரால்டு மார்க் த்ரீயின் டெயில் லேம்ப் கண்ணாடி கிடந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். இடதுபக்கம். கீறல் இருந்தாலும் பரவாயில்லை.