மூடி வேற டப்பாவோடது

வெடிச்சத்தம் எனக்கு ஆகாது. லட்சுமி வெடியின் திரியில் ஊதுவத்தியைக் காட்டிவிட்டு, பற்றியதா இல்லையா என்று பார்க்காமலே ஓடும் பரம்பரை நான். ஆனாலும் டெக்சாஸில் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் உலகப் போர்க் காலத்துத் துப்பாக்கிகள் தூங்குகின்றன. சுடுவதற்கில்லை, படிப்பதற்கு.

பழைய ராணுவத் துப்பாக்கி சேர்ப்பவன் பூதக்கண்ணாடியும் கையுமாகத்தான் அலைவான். சோவியத் காலத்து மோசின்-நாகன்டில் நட்சத்திரத்துக்குள் அம்பு இருந்தால் தூலா தொழிற்சாலை. முக்கோணத்துக்குள் அம்பு என்றால் இழெவ்ஸ்க். கூடவே சின்னக் கட்டத்துக்குள் 'எஸ்.ஏ.' என்று தெரிந்தால், ஃபின்லாந்து ராணுவத்தின் சொத்தாகிப்போன துப்பாக்கி. ரஷ்யாவில் பிறந்து, ரஷ்யர்களையே குறிபார்த்திருக்கும். அந்த இரண்டு எழுத்துக்கு விலை எகிறும்; சேகரிப்பாளனின் ரத்த அழுத்தமும் எகிறும்.

50 வயதைத் தாண்டிய துப்பாக்கிக்கு அமெரிக்க அரசாங்கமே அரும்பொருள் அந்தஸ்து தருகிறது. 3 வருடத்துக்கு 30 டாலர் கட்டினால் சேகரிப்பாளர் லைசென்ஸ்; வாங்குவது விற்பதையெல்லாம் பேரேட்டில் எழுதிவைக்க வேண்டும். "அம்பது தாண்டினாலே அரும்பொருளா?" என்று மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கிடங்கிலிருந்து வரும் துப்பாக்கி முழுக்கக் காஸ்மோலின் அப்பியிருக்கும். துரு ஏறாமலிருக்க ராணுவம் பூசிய பழுப்பு மெழுகுப் பசை அது. கட்டையின் நாளங்களுக்குள்ளும் திருகாணிப் பள்ளங்களுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். சூடு பட்டால்தான் இளகும். சமையலறை ஓவன் பக்கம் தலைவைக்கக்கூடாது என்று உத்தரவாகிவிட்டதால், துப்பாக்கியைக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி, ஆகஸ்ட் வெயிலில் காருக்குள் கிடத்தினேன். நீளமாக எதையோ கறுப்புப் பையில் சுற்றி நான் தூக்கிப்போனதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் அன்றிலிருந்து முந்திக்கொண்டு வணக்கம் சொல்கிறார்.

எல்லாவற்றிலும் எனக்குச் செல்லம் இந்தியாவின் இஷாப்பூரில் செய்த லீ-என்ஃபீல்டுதான். கல்லூரி என்.சி.சி.யில் அந்த 4 கிலோவைத் தோளில் சுமந்து ஹவில்தாரிடம் வசவு வாங்கியதுதான் என் மொத்தப் போர் அனுபவம். ஊரில் சாமானியன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத அந்த .303 இங்கே கடைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பார்த்ததும் கால்கள் தானாக 'சாவ்தான்' நிலைக்குப் போய்விட்டன. பின்கட்டை சேரும் இடத்தில், வலப்பக்க இரும்பில் கிரீடம், அதன் கீழே ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர், 1943. இந்தியா குடியரசான பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்துவிட்டன. முன்கட்டை பிளந்துவிடாமல் குறுக்கே முடுக்கிய திருகாணி வேறு. இஷாப்பூர் சரக்கென்று தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும்.

இதையெல்லாம் நான் பாடமெடுத்துக்கொண்டிருந்தபோது மனைவி பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்க வீட்டு எவர்சில்வர்ல பேர் வெட்டினாப்பல இருக்கேங்க!"

யார் யாருக்கு, எந்தக் கல்யாணத்துக்கு, என்ன தேதியில் கொடுத்தார்கள் என்று அண்டா முதல் ஸ்பூன் வரை வெட்டிவைத்த குடும்பம் அவளுடையது. பந்தி முடிந்து கலந்துபோன பாத்திரங்களை வீடுவாரியாகப் பிரித்த கை. துப்பாக்கியின் உடம்பில் இருந்த நம்பரைப் பார்த்தாள், மூக்குப் பூணைப் பார்த்தாள், கடைசியில் போல்ட்டின் கைப்பிடியைத் திருப்பினாள்.

"மத்ததெல்லாம் ஒரே நம்பர். இதுல மட்டும் வேற. மூடி வேற டப்பாவோடதுங்க."

எந்தப் பட்டறையிலோ பழுதுபார்க்கும்போது எவனோ மாற்றி மாட்டிவிட்டிருக்கிறான். நம்பர் ஒத்துப்போகாவிட்டால் சந்தையில் மவுசு குறைவு. முகம் தொங்கிப்போன எனக்கு ஆறுதலாக, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று வார்னிஷ் அடித்துவிடலாம் என்றாள். பழைய கட்டையைத் தேய்ப்பது இந்தப் பொழுதுபோக்கில் பஞ்சமாபாதகம். இருந்த மதிப்பும் மரத்தூளோடு போய்விடும் என்று அலறினேன்.

"சரி, தேய்க்கலை. அந்தக் கிரீடத்துக்குப் பக்கத்துல இடம் காலியாத்தானே இருக்கு, நம்ம பேரை மட்டும் வெட்டிடுவோம். நாளைக்கு யார் வீட்டுக்காவது போனா திரும்பி வர வேணாமா?"

கராஜில் டிரில் மெஷின் இருக்கும் அலமாரிக்கும் இப்போது பூட்டுப் போட்டிருக்கிறேன்.