கலைந்த மேகமும் பெரியம்மாவின் பெட்டியும்

யட்டியாந்தோட்டைப் பக்கம் முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டியவர் என் பெரியம்மா. அவர் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, ஈபிஎஃப் காகிதத்தில் மூன்றாவது மாதிரி. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினால் அப்படித்தான் வரும். திருத்தித் தரச் சொல்லி 2023 ஜூனில் ஓர் அரசாங்க ஆபீசுக்கு ஆறு பக்கத்தை ஸ்கேன் பண்ணி ஈமெயிலில் அனுப்பினேன். நேரில் அலைய வேண்டாம், இப்போதெல்லாம் டிஜிட்டல் என்று சொன்னவர்களும் அவர்கள்தான். ஒக்டோபரில் போய்க் கேட்டால் கிளாக்கர் திரையைக்கூடப் பார்க்கவில்லை. “ஈமெயில் மெக்கிலா” என்றார். அழிந்துவிட்டதாம். கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்த மாதிரி அத்தனை சாதாரணமாக.

பொய்யில்லை. அந்த வருஷம் ஓகஸ்ட் 26ஆம் தேதி லங்கா அரசாங்க மேகக் கணினிக்குள் கப்பம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5000 கவ் டொட் எல்கே முகவரிகள் மாட்டின. சர்வர் அரை நாளில் எழுந்துவிட்டது. மே 17 முதல் அன்றுவரை வந்த அஞ்சல்கள் எழவேயில்லை. காப்பு நகலும் அதே வலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தனியே கழற்றி வைத்த நகல் அந்த மாதங்களுக்கு இல்லை. மறுசாவியையும் அதே கொத்தில் கோத்து வைத்த கெட்டிக்காரர்கள்!

ஓடிக்கொண்டிருந்ததோ எக்ஸ்சேஞ்ச் 2013. மைக்ரோசொஃப்ட் அதைக் கைகழுவியது 2023 ஏப்ரலில். 2021இலேயே புதுப்பிக்க இருந்தோம், காசு போதவில்லை, முந்திய பணிப்பாளர் சபையின் தீர்மானங்களும் குறுக்கே நின்றன என்றது பொறுப்பான முகவர் நிலையம். கொழுந்து நாலு கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாட்கூலி, போடுகிற நாடு இது. நாட்டின் மூன்று மாதக் கடிதங்களைத் தொலைத்ததற்கு யாருக்கு எத்தனை அரைப் பேர் விழுந்தது?

இதில் ஒரு வேடிக்கை. ஆபீஸ் கணினியில் அவுட்லுக்கை ‘கேஷ்ட்’ முறையில் வைத்திருந்தால், வருகிற அஞ்சலின் நகல் அந்தக் கணினியின் வயிற்றிலேயே கிடக்கும். நெட்வேர்க் செத்தாலும் வாசிக்கலாம். யாரும் கைவைக்காவிட்டால் பெரும்பாலும் ஒரு வருஷத்து அஞ்சல். கொழும்பின் மேகம் தொலைத்தது அந்த மேசைக்கடியில், தூசி படிந்த சிபியூவுக்குள் இருந்திருக்கக்கூடும். தேடிப் பார்த்தீர்களா என்றேன். ஐடி பையன் வந்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டானாம். பழையது? கிளாக்கர் சிரித்தார்.

எங்களுக்கு இந்தக் கேஷ் புதிதில்லை. லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், மேசை லாச்சியில் தங்கும், அங்கிருப்பவருக்கு நினைவு வரும்போது ஆளின் கைக்கு வந்து சேரும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகளைத் தோட்டத்துக்குத் தோட்டம் காணலாம். காப்பு நகலை ஓஃப்லைனில் வை என்றால், அதை விட்டுவிட்டு லைனில் குடியிருக்கிற சனத்தை அல்லவா ஓஃப்லைனில் வைத்திருக்கிறார்கள்!

பெரியம்மா கணினியைத் தொட்டதில்லை. ஆனால் நகலின் அருமை எந்தப் பணிப்பாளர் சபையையும்விட அவருக்குத் தெரியும். 1948இல் சட்டம் போட்டு எங்கள் சனத்தின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று கொழுந்துச் சாக்கைப் போலப் பிரித்தார்கள். காகிதம் இல்லாதவன் ஆளே இல்லை என்று அடிபட்டுக் கற்ற சனம். கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டி. அதற்குள், பொலித்தீன் பையில், தகப்பனாரின் பிரஜாவுரிமைப் பத்திரம், மங்கிப்போன சம்பளச் சீட்டுகள், தடுப்பூசி அட்டைகள், பூச்சி உருண்டை நாலு. 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்தில் மலை சரிந்து லயம் புதைந்ததைக் கேட்ட நாள் முதல், மழை பிடித்தால் முதலில் வாசலுக்கு வருவது அந்தப் பெட்டிதான்.

கடைசியில் கிளாக்கரே ஒரு வழி சொன்னார்: அனுப்பியதன் பிரதி உங்களிடம் இருந்தால் கொண்டுவாருங்கள், ஃபைலில் போட வேண்டும். அரசாங்கம் தொலைத்ததை அரசாங்கத்துக்கே மீட்டுக் கொடுக்கப் பெரியம்மா மடியில் பையோடு பஸ் ஏறினார்.

“இத்தனை மிசின் வச்சிருக்கீங்களே தம்பி, ஒரு பொட்டி இல்லியா?” என்று கேட்டார். தம்பிக்குத் தமிழ் தெரியாது. எதிர்க்கடையைக் கைகாட்டினார். ஆறு பக்கமும் போட்டோகொப்பி அடித்தோம். காசு பெரியம்மாவின் சீலைத் தலைப்பு முடிச்சிலிருந்து வந்தது.