வேப்பங்குச்சி எட்டாத இடம்

கேள்வி: ஒரகடம் கம்பெனியில் வாராவாரம் ஷிஃப்ட் மாறுகிறது. தாத்தா வேப்பங்குச்சியோடு நிறுத்திக்கொண்டார். நான் மட்டும் பல் இடுக்கில் தினமும் நூல் விட வேண்டுமா? (வாசகர், மண்ணூர்)

பதில்: தாத்தாவின் குச்சியும் உங்கள் பிரஷ்ஷும் ஒரே இடத்தில்தான் தோற்கின்றன: இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடுக்கில். அங்கே படியும் அழுக்கு இறுகிக் காரையாகிவிட்டால் எந்த நூலுக்கும் அசையாது, டாக்டர்தான் சுரண்டியெடுக்க வேண்டும். நூலுக்கு வலுவான ஆதாரம் இல்லையென்று 2016-ல் சர்ச்சை கிளம்பியது உண்மை. ஆனால் 2019-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பிரஷ்ஷோடு நூலும் சேர்ந்தால் ஈறு வீக்கம் குறையலாம் என்றது. இடுக்கு பிரஷ்ஷும் உதவலாமாம். ரத்தம் வருகிறதே என்று விட்டுவிடாதீர்கள். கசிவது பெரும்பாலும் வீங்கிய ஈறு. இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். ஷிஃப்ட் மாறலாம், தலையணை மாறாது. எப்போது படுத்தாலும் அதற்கு முன் ஒன்றரை அடி நூலெடுத்து, ஒவ்வொரு பல்லையும் அணைத்தபடி ஈறின் ஓரம்வரை மெல்ல இறக்கி ஏற்றுங்கள்.