பஜ்ஜிக்குப் பழி, கஷாயத்துக்குப் புகழ்

வயிறு கெட்டுப்போன வீட்டில் முதலில் தொடங்குவது வைத்தியம் அல்ல, விசாரணை. "நேத்து என்ன தின்னே?" என்ற ஒரே கேள்வியில் வழக்கு முடிந்து, கடைசியாகத் தின்ற பண்டம் குற்றவாளி ஆகிவிடும். சாயங்காலம் தின்ற பஜ்ஜிக்கு ராத்திரியே தீர்ப்பு. கிருமிகளோ இவ்வளவு அவசரப்படுவதில்லை. நோரோ வைரஸ் உள்ளே போய் வேலையைக் காட்டப் பொதுவாக 12 முதல் 48 மணி நேரம் ஆகும். சால்மோனெல்லா சில நாட்கள்கூடப் பொறுத்திருக்கும். கெட்ட உணவில் ஊறிய ஸ்டெஃபிலோகாக்கஸ் நஞ்சு போன்ற சில அவசரக்காரர்கள்தான் சில மணி நேரத்திலேயே புரட்டி எடுப்பவர்கள். ஆகவே பஜ்ஜி நிரபராதியாகவும், முந்தாநாள் கல்யாணப் பந்தியில் குடித்த ஒரு டம்ளர் தண்ணீர் தலைமறைவுக் குற்றவாளியாகவும் இருக்க வாய்ப்பு உண்டு. பஜ்ஜிக்காக வாதாட வக்கீல் இல்லை, அவ்வளவுதான்.

குற்றவாளியைப் பிடித்த அதே தர்க்கத்தால்தான் வைத்தியரையும் தேர்ந்தெடுக்கிறோம். சாதாரண வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே அடங்கிவிடும். இந்த ரகசியம் வயிற்றுக்கு மட்டும் தெரியும், உறவினர்களுக்குத் தெரியாது. முதல் நாள் பெரியம்மா ஓமத்தண்ணி கொடுப்பார், பலன் இல்லை. இரண்டாம் நாள் அத்தை மோரில் வெந்தயம் போட்டுக் கொடுப்பார், சுமார். மூன்றாம் நாள் சித்தி மாதுளந்தோல் கஷாயத்தோடு வருவார், வயிறு கட்டிவிடும். அன்றிலிருந்து அந்த வட்டாரத்தில் சித்திதான் கைராசிக்காரி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததில் காக்கைக்குப் பெருமை சேர்ந்தால் சேரட்டும். பெரியம்மாவின் ஓமம் என்ன பாவம் செய்தது? மூன்றாம் நாள் வந்திருந்தால் அதுவும் ஜெயித்திருக்கும்.

"அப்படியானால் நம் முன்னோர் முட்டாள்களா?" என்று ஒருவர் எழுந்து நிற்பார். இல்லை. இஞ்சி குமட்டலைக் குறைப்பதற்கு ஆய்வுச் சான்றே இருக்கிறது. ஆனால் முன்னோரின் பெரிய சாமர்த்தியம் கஷாயத்தில் இல்லை. கூடவே, யாரும் புகழாமல் வரும் உப்புப் போட்ட கஞ்சியில் இருக்கிறது. குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக உள்ளே போகும் என்று உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் விளக்கினார். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். பேதியின்போதும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. 1971-இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, மேற்கு வங்கத்தின் போங்காவில் மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகவே கொடுக்கவைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கஞ்சியின் மாவுச்சத்தும் குடலில் குளுக்கோஸாகத்தான் உடைகிறது. ஆக, கஷாயம் மேடையில் மாலை வாங்க, வேலையைச் செய்தது கஞ்சி.

"எதுவோ குணமாக்கட்டும், குடித்தால் என்ன நஷ்டம்?" என்பது அடுத்த ஆட்சேபம். கஷாயம் தண்ணீருக்குத் துணையாக வந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீருக்குப் பதிலாக வந்தால் நஷ்டம்தான். "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று குழந்தையை வறள விடுவதும், வயிற்றுக்கு ஓய்வு என்று பட்டினி போடுவதும், சோடா நல்லது என்று இனிப்பான குளிர்பானத்தை ஊற்றுவதும் நோயின் பக்கம் சேர்ந்து வாதாடுவதுதான். அளவுக்கு மீறிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், எதுவும் தங்காத வாந்தி, சிறுநீர் குறைதல், குழந்தையின் கண் குழிதல், துவண்டு கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் சித்தியின் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. அது ஆஸ்பத்திரி வழக்கு.

மற்றபடி தீர்ப்பு எளிது. அதே உப்பு-குளுக்கோஸ் கலவையான மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலம் முதல் தேர்வு. அது கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து என்பதால் இதில் மட்டும் கைப்பக்குவம் வேண்டாம், ஸ்பூன் போதும். சித்தி கஷாயத்தோடு வந்தால் மறுக்காமல் ஒரு வாய் குடித்து, கைராசியையும் மெச்சிவிடலாம். வயிறு சில நாட்களில் ஆறிவிடும். சித்தியின் மனத்தாங்கலுக்கு இதுவரை ஓஆர்எஸ் கண்டுபிடிக்கவில்லை.