சனிக்கிழமைச் சவாரிக்காரர்

சனிக்கிழமைச் சவாரிக்காரர் எனப்படுபவர் சிட்னி, மெல்போர்ன் தமிழர்களுள் ஒரு தனி வகை. வயது நாற்பதை ஒட்டி இருக்கும். வாரத்தில் ஐந்து நாள் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். ஆறாம் நாள் குதிரைமேல் உட்கார முயல்வார். சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பகுதிகளிலும், மெல்போர்னில் கிளேட்டன், டாண்டினாங் பக்கமும் இவரைக் காணலாம். கிரிக்கெட்டில் தோள்பட்டையையும் பேட்மிண்டனில் முழங்காலையும் இழந்தவர்கள், மிச்சமிருக்கும் முதுகெலும்பை நம்பி இந்தத் துறைக்கு வருவதே வழக்கம்.

முன்அனுபவம் இரு வகை. ஒன்று, கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஒரு சுற்று. மற்றொன்று, மெரினா மணலில் ஐந்து நிமிடம். இரண்டிலும் கயிறு குதிரைக்காரர் கையில்தான் இருந்தது. பண்ணையில் தரும் படிவத்தில் 'ஏற்கெனவே சவாரி செய்தது உண்டா' என்ற கேள்விக்கு 'உண்டு' என எழுதும்போது கயிற்றைப் பற்றிய விவரம் விடுபட்டுப்போகும். கோட்பாட்டு அறிவுக்குக் குறைவில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், வந்தியத்தேவன் குதிரைமேல் வருவதில் தொடங்குகிறது. சவாரிக்காரரின் மொத்தப் பாடத்திட்டமும் அந்த ஒரு காட்சிதான். வந்தியத்தேவன் ஹெல்மெட் அணியவில்லை என்பதும், 'அடிபட்டால் பண்ணை பொறுப்பல்ல' என்று கையெழுத்திடவில்லை என்பதும் நேரில் போன பிறகே உறைக்கும்.

குதிரை ஆஸ்திரேலியாவின் மண்ணுக்குரிய விலங்கன்று. 1788 ஜனவரியில் முதல் கப்பல் தொகுதியோடு, நன்னம்பிக்கை முனையில் ஏற்றப்பட்டு, சிட்னியில் வந்து இறங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வளர்ந்த குதிரைகள் பிரிட்டிஷ் இந்தியப் படைக்காகச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கப்பலேறின. நியூ சௌத் வேல்ஸிலிருந்து வந்ததால் அவற்றுக்கு 'வேலர்' என்று பெயர். அன்று இங்கிருந்து சென்னைக்குக் குதிரை போயிற்று. இன்று சென்னையிலிருந்து ஆள் வந்து அதே குதிரையின் வழித்தோன்றல்மீது ஏறுகிறார். கடற்பயணத்தில் குதிரை பட்ட பாட்டுக்கு இது பழிவாங்கலா என்பது ஆராயத்தக்கது.

சவாரிக்குரிய இடங்கள் பல. சிட்னி நகருக்குள்ளேயே, 1888இல் திறக்கப்பட்ட சென்டினியல் பூங்காவில் குதிரைப்பாதை உண்டு. துணிந்தவர்கள் நீலமலைப் பகுதியின் மெகலாங் பள்ளத்தாக்குக்கோ, நகருக்கு வடக்கே கிளென்வொர்த் பள்ளத்தாக்குக்கோ போவார்கள். மெல்போர்ன்காரர்களுக்கு மார்னிங்டன் தீபகற்பத்தின் கன்னமாட்டா கடற்கரை இருக்கிறது. பண்ணையில் புதியவருக்குத் தரப்படும் குதிரையின் பெயர் பெரும்பாலும் மஃபின், பிஸ்கட் என்று தின்பண்டமாகவே இருக்கும். தேசிங்குராஜனின் பாராசாரியைப் போன்ற பெயரை எதிர்பார்த்து வந்தவருக்கு இது முதல் ஏமாற்றம். ஏறுவதற்குப் படிக்கட்டு வைக்கிறார்கள் என்பது இரண்டாவது.

இனி, மஃபினின் இயல்பு. எடை சுமார் 500 கிலோ. கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் ஏறத்தாழ 350 பாகை அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் குருட்டுப் பகுதி. சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாது. புல் தின்று, புலி சிங்கத்துக்கு இரையாகி வந்த குலம் என்பதால், எது அசைந்தாலும் முதலில் ஓட்டம், பிறகுதான் விசாரணை. நின்று பார்த்துவிட்டு ஓடலாம் என்று நினைத்த குதிரைகளுக்குச் சந்ததி இல்லை. மேலே உட்கார்ந்திருப்பவரோ எதையும் மூன்று கூட்டம் போட்டு முடிவெடுத்துப் பழகியவர். மஃபின் முடிவெடுத்து அமல்படுத்திய பிறகே இவருக்குத் தகவல் வந்து சேர்கிறது.

காட்டுவழியில் நேரும் அச்சங்கள் மூவகைப்படும்: குதிரை மட்டும் அஞ்சுபவை, சவாரிக்காரர் மட்டும் அஞ்சுபவை, இருவரும் சேர்ந்து அஞ்சுபவை.

முதல் வகையில் தலையாயது குப்பைத்தொட்டி. சக்கரம் வைத்த தொட்டி. நியூ சௌத் வேல்ஸில் வீட்டுக் குப்பைக்குச் சிவப்பு மூடி, மறுசுழற்சிக்கு மஞ்சள் மூடி. மூடியின் நிறத்தில் மஃபினுக்கு அக்கறை இல்லை. நேற்று இல்லாத இடத்தில் இன்று நிற்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு. அடுத்து பிளாஸ்டிக் பை, விரியும் குடை, குழந்தை கையில் பலூன், வேலியில் காயும் போர்வை. பாறையும் இதில் அடங்கும். போகும்போது பார்த்துப் பழகிய பாறை, திரும்பும்போது மறுபக்கத்திலிருந்து பார்க்கப் புதுப் பாறையாகிவிடும். குதிரை மிரளும் விதத்தைச் சொல்ல வேண்டும். காது இரண்டும் முன்னே குத்திட்டு நிற்கும், கழுத்து உயரும், மூக்கிலிருந்து ஒரு 'புர்ர்'. அடுத்த கணம் குதிரை இரண்டு அடி வலப்பக்கம் இருக்கும். சவாரிக்காரர் இன்னும் பழைய இடத்திலேயே இருப்பார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடமே இத்துறையின் விபத்துகளில் பாதிக்குக் காரணம். "ஒண்ணுமில்லடா கண்ணா, குப்பைத்தொட்டிடா" என்று தமிழில் சமாதானம் சொல்வதை மஃபின் பொருட்படுத்துவதில்லை. பக்கத்துக் குதிரையில் இருக்கும் மனைவி, "அதுகிட்ட இல்லீங்க, உங்ககிட்டயே சொல்லிக்கிறீங்க" என்று திருத்துவார்.

இரண்டாம் வகையில் கங்காரு முதலாவது. அந்தி நேரம் மேய்ச்சல்வெளியில் சாம்பல் கங்காருகள் கூட்டமாக நிற்கும். பெரிய ஆண் எழுந்து நிமிர்ந்தால் ஆள் உயரம். மார்பைப் பார்த்தால் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்டி ஒழுங்காகப் போனவர் போலிருக்கும். சவாரிக்காரருக்குத் தொண்டை வறளும். மஃபினுக்கோ அவை பக்கத்து வீட்டார்; தினமும் ஒரே புல்லைத் தின்பவர்கள். அடுத்தது உடும்பு. மரமேறும் ஆஸ்திரேலிய உடும்பு இரண்டு மீட்டர் வரை நீளும். மிரண்டால் அருகிலுள்ள உயரமான பொருளின்மேல் ஏறிவிடும், வெட்டவெளியில் அந்த உயரமான பொருள் குதிரையாகவும் இருக்கலாம் என்பது நாட்டுப்புறத்தார் புதியவர்களிடம் தவறாமல் சொல்லும் செய்தி. கேட்ட மாத்திரத்தில் சவாரிக்காரர் பிடரிமயிரைப் பற்றுவார். உடும்புப்பிடி என்பதை உடும்பிடமிருந்து கற்க வேண்டியதில்லை என்பது அப்போது தெளிவாகும். பிறகு சிலந்தி. பொன்னிறப் பட்டு வலை பின்னும் பெரிய சிலந்தி பாதையின் குறுக்கே வலை கட்டுகிறது. உயரம் சரியாகக் குதிரைமேல் இருப்பவரின் முகத்துக்கு. குதிரை அடியில் புகுந்து போய்விடும். முன்னால் செல்லும் வழிகாட்டிப் பெண் தலையைத் தாழ்த்திக்கொண்டு, "நோ வரீஸ்" என்பாள். வலை இரண்டாவதாக வருபவருக்கு வந்து சேரும்.

மூன்றாம் வகை அரிது, ஆனால் கடுமையானது. குருட்டுப் பகுதியிலிருந்து சத்தமில்லாமல் வரும் மலைச்சைக்கிள், கயிறில்லாத நாய், புதரிலிருந்து எகிறும் கங்காரு ஆகியவை இதில் வரும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மேக்பை பறவையும் சேரும். கூட்டையும் குஞ்சையும் காக்கும் ஆண் மேக்பை பின்னாலிருந்து பாய்ந்து தலையைக் கொத்தும். சைக்கிள்காரர்கள் இதற்காக ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளை முள்போல் நிறுத்திக்கொள்வார்கள். அதைப் பார்த்து சவாரிக்காரரும் அப்படியே செய்துகொண்டு லாயத்துக்குள் நுழைந்தால், அன்றைய முதல் மிரட்சிக்கு அவரே காரணமாகிறார். இத்தனைக்கும் மேல், ஆள் கீழே விழுந்ததும் மரத்திலிருந்து கூக்கபுரா வாய்விட்டுச் சிரிக்கும். அது தன் எல்லையை அறிவிக்கும் ஒலி என்பது பறவையியல். மண்ணில் கிடப்பவரை இதை நம்பவைப்பது கடினம்.

குதிரையின் மிரட்சிக்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 1860 ஆகஸ்ட் 20 அன்று பர்க், வில்ஸ் இருவரின் பயணக்குழு, கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்க மெல்போர்னின் ராயல் பூங்காவிலிருந்து புறப்பட்டது. அதில் குதிரைகளும் இருந்தன. இந்தியாவிலிருந்து வாங்கிவந்த ஒட்டகங்களும் இருந்தன. ஒட்டகத்தைக் கண்டாலே குதிரைகள் மிரண்டதால் இரண்டையும் எட்ட எட்டவே நடத்த வேண்டியிருந்தது. பாலைவனத்தைச் சந்திக்கும் முன்பே பயணத்தில் ஒரு நெருக்கடி உடன்வந்தவர்களால் வந்தது. வாரக்கடைசிச் சுற்றுலாக்களிலும் இதுவே நிலை.

சாலையைக் கடக்கும்போது சட்டம் துணைக்கு வருகிறது. நியூ சௌத் வேல்ஸ் விதிப்படி, குதிரை மிரண்டால் சவாரிக்காரர் ஒரு கையை உயர்த்திக் குதிரையைச் சுட்டிக்காட்ட வேண்டும். அதைக் கண்ட கார் ஓட்டுநர் இடப்புறம் ஒதுங்கி, வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துக் காத்திருக்க வேண்டும். நல்ல சட்டம்தான். மிரண்ட குதிரைமேல் இருப்பவருக்கு ஒரு கை சும்மா இருக்கும் என்று எண்ணியது மட்டுமே குறை. இரு கைகளும் பிடரியில் இருக்க, சவாரிக்காரர் மோவாயால் சுட்டிக்காட்டுவார். ஓட்டுநர் அதை வணக்கமாகக் கொண்டு ஹாரன் அடித்துப் பதில் வணக்கம் சொல்வார்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசப்படும் ஆபத்து பாம்பு. பழுப்புப் பாம்பு, புலிப்பாம்பு, சிவப்பு வயிற்றுக் கரும்பாம்பு என்று பெயர்கள் சவாரிக்காரருக்கு மனப்பாடம். பண்ணைக்கு வருமுன் இணையத்தில் படித்திருப்பார். ஆனால் நான்கு குளம்புகள் தரையை அதிரவைத்துக்கொண்டு வருவதை உணர்ந்து பாம்பு பெரும்பாலும் முன்னதாகவே விலகிவிடும். மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, 2000 முதல் 2013 வரை ஆஸ்திரேலியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் 27 பேர். குதிரையால் இறந்தவர்கள் 74 பேர். ஆக, புதரில் ஆபத்தைத் தேடும் சவாரிக்காரர் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்ற முன்னோர், மண்ணில் செய்யாத குதிரையைப் பற்றி எதுவும் சொல்லாமல் போனது குறையே.

சவாரியின் கடைசிக் கட்டம் தரையில் நிகழ்வது. மாலையில் மேஸ் ஹில் முருகன் கோயிலிலோ, ஒரு பிறந்தநாள் விருந்திலோ சவாரிக்காரர் சற்றே கால் அகட்டி நடந்து வருவார். "என்ன அண்ணா, நடை ஒரு மாதிரி இருக்கு?" என்று யாராவது கேட்டால் போதும். மெகலாங்கில் பாதையோரம் காற்றில் புரண்ட பிளாஸ்டிக் பை, முதல் முறை சொல்லும்போது ஏதோ ஒன்று. இரண்டாம் முறை நீளமான ஏதோ ஒன்று. சாம்பார் சாதம் முடிவதற்குள் ஆறடிப் பழுப்புப் பாம்பு. மஃபின் பின்னங்கால்களில் நிமிர்ந்ததாகவும், கடிவாளத்தை ஒரே இழுப்பில் அடக்கியதாகவும் வரலாறு வளரும். நரி பரியானது மதுரையில் ஒரே ஒரு முறை. பை பாம்பாவது சிட்னியில் வாரந்தோறும் நடக்கிறது.

இதற்கு எதிராக உள்ள ஒரே ஆதாரம் பத்து வயது மகனின் கைப்பேசியில் இருக்கும் காணொளி. அதில் ஒரு பிளாஸ்டிக் பையும், ஒரு குதிரையின் வாலும், "அம்மா!" என்ற குரலும் பதிவாகியிருக்கும். "அப்பா, அது சிப்ஸ் பாக்கெட்" என்று அவன் எல்லோருக்கும் காட்டுவான். சவாரிக்காரர் மோரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இது ரெண்டாவதா வந்ததுடா, பாம்பு இதுக்கு முன்னாடி" என்பார். முன்னாடி நடந்ததற்குப் பதிவு இல்லை. மஃபினிடம் கேட்கவும் வழியில்லை.