அறுபது நாள் முன்யோசனை

சரஸ்வதி பூஜை புதன்கிழமையிலும் விஜயதசமி வியாழக்கிழமையிலும் வருகின்றன என்பதைச் சித்திரை மாதத்திலேயே காலண்டரில் கண்டுபிடித்து, வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் லீவு போட்டால் ஞாயிறு முடிய ஐந்து நாட்கள் கையில் வந்து விழும் என்று கணக்கிட்டு, அந்த ஐந்து நாட்களையும் உதகமண்டலத்தில் கழிப்பது என்று வீட்டில் பிரகடனம் செய்தபோது, இந்த மகத்தான யோசனை தமிழ்நாட்டில் என் ஒருவனுக்குத்தான் உதித்திருக்கிறது என்று மனப்பூர்வமாக நம்பினேன். அதே காலண்டர் லட்சக்கணக்கான வீடுகளில் ஆணியில் தொங்குகிறது என்ற சாமானிய உண்மை அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

என் சம்சாரம் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில்தான் ஏறவேண்டும் என்பது. அந்த ரயிலின் பிரதாபம் வாசகர்கள் அறியாததல்ல. 46 கிலோமீட்டர் தூரத்தை, 16 குகைகளையும் 250 பாலங்களையும் 208 வளைவுகளையும் கடந்து, கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தில் பதித்த பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு, முன்னால் இழுக்கவேண்டிய எஞ்சின் பின்னால் நின்று முட்டுக்கொடுத்துத் தள்ள, ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் ஏறி முடிக்கிற வண்டி அது. அப்படி ஒரு பாதை போடலாம் என்ற பேச்சு 1854-இல் எழுந்தது. வண்டி குன்னூரை எட்டியது 1899-இல். உதகைக்குப் போய்ச் சேர்ந்தது 1908-இல். இத்தனை நிதானமான பரம்பரையில் வந்த வண்டியில் ஓர் இடம் பிடிக்க மனிதன் தலைதெறிக்க ஓடவேண்டியிருக்கிறதே என்பதுதான் இதில் விசித்திரம்.

பிரயாணத் தேதிக்கு 60 நாட்களுக்கு முன்பு, காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். செவ்வாய்க்கிழமை இரவு சென்னையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுவதாக உத்தேசமாதலால், அதற்குச் சரியாக 60 நாட்கள் முன்பு, விடியற்காலையில் ஸ்நானம் செய்து, நெற்றியில் விபூதி தரித்து, கம்ப்யூட்டர் முன்பு ஏழரை மணிக்கே அமர்ந்துவிட்டேன். எட்டு மணி அடித்ததும், நான் மனிதன்தானா என்பதில் அந்த யந்திரத்துக்கு ஒரு சந்தேகம் தோன்றி, கோணல் மாணலாகச் சில எழுத்துக்களைக் காட்டிப் படிக்கச் சொன்னது. இரண்டு தடவை மனிதனல்ல என்று தீர்ப்பாகி, மூன்றாவது தடவை மனித ஜன்மம் ஊர்ஜிதமாயிற்று. இரவு வண்டியில் நான்கு படுக்கைகள் கிடைத்தன. உடனே மலை ரயிலுக்குத் தாவினேன். என்ன ஆச்சரியம்! இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு என்று சொல்கிறார்களே, அந்த வண்டியில் இடங்கள் தாராளமாகக் கிடந்தன. எல்லாம் என் சுறுசுறுப்பின் பலன் என்று எண்ணி, நான்கு இடங்களையும் பதிவு செய்து, திரும்பும் நாளுக்குரிய சீட்டுகளை அதனதன் தினத்தில் வாங்குவதாகத் தீர்மானித்துக்கொண்டு எழுந்தேன்.

அந்தச் சீட்டுகளை அச்செடுத்து, பூஜை அறையில் சரஸ்வதி படத்தின் கீழே வைத்தேன். பிறகு அறுபது நாட்களும் நான் முன்யோசனையின் மகிமையைப் பிரசங்கம் செய்துகொண்டு திரிந்தேன். “போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்ன ஆபீஸ் நண்பர்களைப் பரிதாபத்துடன் நோக்கினேன். உதகையில் ஊர் சுற்றிக்காட்டும் வேன் ஒன்றையும் ஏற்பாடு செய்து, தாவரவியல் பூங்காவுக்கு ஒன்றரை மணி, படகுச் சவாரிக்கு முக்கால் மணி, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் நின்று வியப்பதற்கு இருபத்தைந்து நிமிஷம் என்று கால அட்டவணை போட்டேன். மேகம் மூடினால் வியப்பைப் பத்து நிமிஷமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று அடிக்குறிப்பும் எழுதியிருந்தேன்.

புதன்கிழமை காலை மேட்டுப்பாளையத்தில் இறங்கினோம். நீல நிறப் பெட்டிகள் தயாராக நின்றன. எஞ்சின் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஆசனங்களில் ஏற்கெனவே ஒரு குடும்பம் அமர்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கவே, டிக்கெட் பரிசோதகரை அழைத்து, அக்கிரமத்தைக் கண்டிக்கும் குரலில் என் சீட்டை நீட்டினேன். சரஸ்வதி பூஜையன்று எதையும் படிக்கலாகாது என்ற சம்பிரதாயத்தைச் சற்றும் பொருட்படுத்தாத அந்த மனிதர், தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

“சார், இது நேற்றைய டிக்கெட். நேற்று உங்களைத் தேடினோமே!” என்றார்.

“அப்புறம்?”

“காத்திருந்த நாலு பேருக்குக் கொடுத்துவிட்டோம். ரொம்ப சந்தோஷப்பட்டார்கள், சார்.”

செவ்வாய் இரவு சென்னையில் ஏறுகிறவன் செவ்வாய் காலை மேட்டுப்பாளையத்தில் இருக்க முடியாது என்பதும், நான் பதிவு செய்த அன்று புதன்கிழமைக்கு முன்பதிவே திறந்திருக்கவில்லை என்பதும், ஊரார் எல்லாரும் வேலைக்குப் போகிற செவ்வாய்க்கிழமையானதால்தான் இடங்கள் தாராளமாகக் கிடந்தன என்பதும் ஒரே நிமிஷத்தில் எனக்கு விளங்கின. ஆயினும் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல், நம் பஞ்சாங்கப்படி சூரியோதயம் ஆகும்வரை முந்தின தினமே நடக்கிறது என்று வாதித்தேன். அவர் கிழக்கே கையைக் காட்டினார். சூரியன் உதித்து அரை மணிக்கு மேலாகியிருந்தது.

“ஏங்க, அறுபது நாளில் ஒரு தரம்கூட அந்தச் சீட்டைப் படித்துப் பார்க்கவில்லையா?” என்று கேட்டாள் என் சம்சாரம். அறுபது நாட்களும் அதன் தலைமாட்டிலேயே வீற்றிருந்த கலைமகளே கவனிக்காத ஒன்றை நான் எப்படிக் கவனித்திருப்பேன் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. இடம் பொருள் ஏவல் கருதி விழுங்கிவிட்டேன்.

பிறகு பஸ் நிலையம் சென்று, யாதொரு முன்பதிவும் இல்லாமல், கண்டக்டர் கிழித்துக் கொடுத்த சீட்டுகளுடன் அரசாங்க பஸ்ஸில் ஏறினோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும், முன்யோசனை செய்தவர்களும் செய்யாதவர்களும் தங்கள் கார்களில் பேதமின்றி வரிசையாக நின்றிருந்தார்கள். மலை ரயில் உதகைக்கு வந்து சேர்ந்த நேரத்துக்கே நாங்களும் சேர்ந்தோம். தொட்டபெட்டாவில் அன்று மேகம். அடிக்குறிப்பு மட்டும் பலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலை ரயிலிலேயே கீழே இறங்கினோம் என்பதையும், குன்னூரில் டீசல் எஞ்சினைக் கழற்றி நீராவி எஞ்சினை மாட்டியதைக் குழந்தைகள் கைதட்டி ரசித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீட்டில் தேதி சரியாக இருந்ததற்கு என் சாமர்த்தியம் காரணமல்ல. மலை ரயிலும் இரவு வண்டியும் அன்று ஒரே தேதியில் புறப்பட்டன, அவ்வளவுதான்.

ஆகவே, அடுத்த விடுமுறைக்கு இப்போதே காலண்டரைப் புரட்டிக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இது: எவ்வளவு முன்கூட்டி வேண்டுமானாலும் பதிவு செய்யுங்கள், ஆனால் இரவு வண்டியில் ஏறுகிறவனுக்கு மறுநாள்தான் விடியும்.